சிஸ்டருக்கு அனுப்பிய மெசேஜ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோது, புனே பக்கம் போசரியில் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு நர்ஸ் பெண்கள் வந்தார்கள். சாகணில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே ஆஸ்பத்திரிக்காரர்கள். ஒருத்தி மலையாளி. இன்னொருத்தி நாகர்கோவில் பக்கம், என் ஊர்க்காரி. ஆஸ்பத்திரியில் ஒரு மலர் போடப் போகிறார்களாம். பழைய ஆள் என்ற முறையில் நான் இனிமையான நினைவுகளாக நாலு எழுதித் தர வேண்டுமாம். சரி, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று உட்கார வைத்தேன்.

சாப்பாட்டுக்கு நடுவில் என் ஊர்க்காரி இடது கையால் போனை எடுத்து ஒரு படத்தை நீட்டினாள். "இந்தப் புண்ணுக்கு என்ன டிரெஸ்ஸிங் போடலாம் சிஸ்டர்? மூணு வாரமா ஆறவே மாட்டேங்குது." ஒரு பெரியவரின் இடுப்புக்குக் கீழே எடுத்த படம். வேட்டி விலகிக் கிடந்தது. கையில் கட்டியிருந்த பட்டையில் பெயர் தெளிவாக இருந்தது. தலையணைப் பக்கம் முகமும் பாதி விழுந்திருந்தது.

"இவர்கிட்ட கேட்டியா மக்ளே?"

"எதுக்கு சிஸ்டர்? அவரு மகனே வாட்சப்புல அனுப்பினதுதான். எங்க குரூப்புல எல்லாருகிட்டயும் இருக்கு."

கெட்ட எண்ணத்தில் அவள் அதைக் காட்டவில்லை. புண் ஆற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் காட்டினாள். அதனால்தான் எனக்கு ஆத்திரம் இரட்டிப்பாக வந்தது. ஒரு மனிதர் மறைத்து வைக்கிற இடம் என் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது, அந்த மனிதருக்கு அது தெரியாது. இனிமையான நினைவுகள் கேட்டார்கள். என்னிடம் இருப்பதை எழுதுகிறேன். மலரில் போடுவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் பாடு.

நான் நர்சிங் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மார்த்தாண்டத்தில் படித்தேன், கல்யாணமாகி இவருடன் புனேவுக்கு வந்தேன், இவர் சாகணில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அப்போது அது இருபது கட்டில் இருந்த இடம். எனக்கு இந்தியும் வராது, மராத்தியும் வராது. படித்த படிப்பில் பாதி மறந்துபோயிற்று. நான் வேலை கற்றுக்கொண்டது பெரிய டாக்டரிடம்தான்.

பெரிய டாக்டர் என்று நாங்கள் சொன்னது அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவரை. சாதாரணமாகவே கத்திப் பேசுகிற மனிதர். கேன்டீனில் டீ ஆறிப்போயிருந்தால் அவர் போடுகிற சத்தம் ரோடு வரை கேட்கும். ஆனால் நோயாளியின் கட்டில் பக்கம் போனால் குரல் அப்படியே இறங்கிவிடும். அடுத்த கட்டிலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். குனிந்து, நோயாளிக்கு மட்டும் கேட்கும்படி பேசுவார். கவுன்டரில் பெயரைத் தவிர எதையும் கேட்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். "என்ன உடம்புக்கு?" என்று கவுன்டரில் கேட்ட ஒருவரை அன்றைக்கே ஸ்டோருக்கு மாற்றினார்.

சாகணில் கம்பெனிகள் வரவர ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். பீகார், ஒடிசா, நம் பக்கத்துப் பையன்கள். முக்கால்வாசிப் பேருக்கு மராத்தி தெரியாது. கூட வந்தவன்தான் மொழிபெயர்ப்பான். அதிலும் பெரிய டாக்டர் ஒரு முறை வைத்திருந்தார். யார் மொழிபெயர்ப்பது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, என்னை மட்டும் நிறுத்தி, நோயாளியின் முகத்தைப் பார்த்து, "இவங்க மூலமா பேசட்டுமா, இல்ல அவர் மூலமாவா?" என்று கேட்கச் சொல்வார். ஒரு தடவை தேனிக்காரப் பெண் ஒருத்தியை அவள் அண்ணன் அழைத்து வந்தான். நான்தான் எல்லாம் சொல்வேன், அவளுக்குப் பேச வராது என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். பெரிய டாக்டர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவன் எழுந்து போகும்வரை பிடித்த கையை எடுக்கவில்லை. கதவைச் சாத்தியதும் அந்தப் பெண் என்னிடம் சொன்ன விஷயம் அண்ணன் முன்னால் ஒரு நாளும் வெளியே வந்திருக்காது. அது என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன்.

இப்போது முத்துராஜ் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன். தெற்கத்திப் பையன், ஊர் வேண்டாம். டிப்ளமோ படித்துவிட்டு ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். தங்கவேல் என்று சேலத்துக்காரர் ஒருவர், அவர்தான் கான்ட்ராக்டர். அவர் பெயரும் நான் வைத்ததுதான். ஆட்களைக் கூட்டி வருவதும் அவர், ரூம் பிடித்துக் கொடுப்பதும் அவர். ஒரு ரூமில் எட்டுப் பேர்.

முத்துராஜ் வந்தபோது எனக்கு ஓய்வுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், ஆள் பாதியாக இளைத்திருந்தான். சளிப் பரிசோதனைக்கு எழுதினார்கள். சளி எடுப்பது லேசு என்று பலர் நினைக்கிறார்கள். டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பினால் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. நான் அவனை வெளியே, காற்றோட்டமான இடத்தில், ஆள் பார்க்காத மதில் பக்கம் கூட்டிப்போனேன். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இரும வேண்டும். டப்பாவை உதட்டுக்கு ஒட்டிப் பிடிக்க வேண்டும். நான் காற்றடிக்கிற பக்கமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டேன். வெட்கப்பட்டால் சளி வராது.

முடிவு வந்தது. டி.பி. அவனை இன்ஜெக்ஷன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, ஸ்டூலை அவன் உயரத்துக்குப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். ஆறு மாதம் மாத்திரை, விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும், கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும், அதுவரை மாஸ்க் போட்டுக்கொள், மூத்திரம் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம், பயப்படாதே என்றேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"ரூம்ல தெரிஞ்சா என்னைய வெளியேத்திருவாங்க சிஸ்டர். வேலையும் போயிரும். வீட்டுல தங்கச்சி கல்யாணத்துக்குப் பேசிட்டிருக்காங்க. யாருக்கும் தெரியாம பாத்துக்கிடலாம்லா?"

"எங்க வாயிலேருந்து வராது. நீ மாத்திரைய விடாத, அது போதும்" என்றேன். உடம்பு தேறும்வரை லீவு கேட்க, டி.பி. என்ற பெயர் இல்லாமல் டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சமயம் பெரிய டாக்டர் படுக்கையில் இருந்தார். மகன் பொறுப்புக்கு வந்திருந்தார், சின்ன டாக்டர். கெட்டிக்காரர், கை ராசியும் உண்டு. ஆனால் எல்லாமே வேகமாக நடக்க வேண்டும் அவருக்கு. கவுன்டரில் மூன்று பேர் இருந்த இடத்தில் ஒருத்தியை வைத்தார். ஒரு போன் வாங்கி, அந்த நம்பரைச் சீட்டிலெல்லாம் அச்சடித்தார். உடம்புக்கு என்ன என்றாலும் மெசேஜ் அனுப்புங்கள், ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள், வரிசையில் நிற்க வேண்டாம். ஜனங்களுக்கு சந்தோஷம். ஷிப்டை விட்டு வர முடியாதவர்களுக்கு அது வசதிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த போன் எங்கே இருந்தது? கவுன்டர் மேசையில், நோயாளிகளைப் பார்த்தபடி. பூட்டு கிடையாது, ஏனென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பதில் சொல்ல வேண்டுமாம். வந்த படமெல்லாம் போனுக்குள் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் வார்டு பாய், அந்த போனிலேயே எடுத்திருந்த தன் மகளின் பிறந்தநாள் படத்தை அதில் தேடிக்கொண்டிருந்தான். அவன் விரலுக்கு அடியில் மார்புக் கட்டி, மூலம், கருக்கலைப்பு ரிப்போர்ட் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நான் சின்ன டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். "கவலைப்படாதீங்க சிஸ்டர், அந்த மெசேஜை நடுவுல யாராலயும் படிக்க முடியாது, கம்பெனிக்காரனாலயே முடியாது" என்றார். நடுவில் படிக்க முடியாது சரி. கடைசியில் மேசையில் வந்து திறந்து கிடக்கிறதே, அதற்கு என்ன பூட்டு என்று கேட்டேன். சிரித்தார். தமிழில் வருகிற மெசேஜை நான் போனபின் யார் படிப்பார்கள் என்றும் கேட்டேன். மொழிபெயர்க்க ஆப் இருக்கிறது என்றார். ஓய்வு நாளன்று மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து வார்டு ஆயா எனக்கு போன் செய்தாள், மராத்தியில் சித்தி என்கிற மாதிரி மௌஷி என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவோம். "சிஸ்டர், உன் பாஷை பேசுற பையன் ஒருத்தன் படியில உக்காந்திருக்கான். உன்னைத்தான் கேக்குறான். உள்ள வரமாட்டேங்குறான்."

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். முத்துராஜ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் முதலில் பார்த்தது அவன் கண்ணை. மஞ்சள் தடவிய மாதிரி இருந்தது. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, எழுந்தால் தள்ளாடினான்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"மெசேஜ் போட்டேனே சிஸ்டர். நீங்க பதிலே போடலியே. நிறுத்தச் சொல்லலியேன்னு மாத்திரைய முழுங்கிக்கிட்டேதான் இருக்கேன்."

டி.பி. மாத்திரை சிலருக்கு ஈரலைப் பிடிக்கும். கண் மஞ்சளானால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அவன் தன் போனைக் காட்டினான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுபோல. அதில் இருந்தது இது: "சிஸ்டர், மூத்திரம் செவப்பா போவும்னு சொன்னீங்க. இப்ப கண்ணும் மஞ்சளா இருக்கு. வாந்தி. டிபி மாத்திரைய நிறுத்தவா தொடரவா? ரூம்ல இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வேல போயிரும்."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி கேட்க முடியாது. பதில் ஒரே வார்த்தை. அதைச் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாதி இல்லை.

அவனை உள்ளே படுக்க வைத்து, டிரிப் போட்டு, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு கவுன்டருக்குப் போனேன். ரூபாலி, சின்னப் பெண், கேட்டதும் அழுதுவிட்டாள். எதையும் மறைக்கவில்லை. மெசேஜ் வந்தது, ஆப்பில் போட்டாள், இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததால் அது என்னவோ உளறியது. வரிசை வாசல் வரை நின்றது. அந்த நேரம் பார்த்து, ஆட்களுக்கு உடல் தகுதிச் சான்று வாங்க வருகிற தமிழ்க்காரர் கவுன்டரில் நின்றார். மாதா மாதம் வருகிறவர், மரியாதையானவர், தீபாவளிக்கு ஸ்வீட் தருகிறவர். உங்கள் பாஷையா பாருங்கள் என்று போனைக் காட்டிக் கேட்டாள். எனக்கு அனுப்பு, நிதானமாகப் படித்துச் சொல்கிறேன் என்றார். அனுப்பிவிட்டாள். அவர் படித்து, நம்பரையும் பார்த்துவிட்டு, இவன் என் ஆள்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்தான் தங்கவேல்.

ஊரில் எத்தனையோ தமிழர்கள் இருக்க, எந்த ஒரு மனிதருக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பையன் பயந்தானோ, அவர் கையிலேயே கொண்டுபோய் ஆஸ்பத்திரி கொடுத்தது. தங்கவேல் அதை அப்படியே ரூம் குரூப்பில் போட்டார். மேலே முத்துராஜ் பெயரையும் "ஜாக்கிரதை" என்று ஒரு வார்த்தையையும் மட்டும் சேர்த்திருந்தார். அன்று சாயங்காலம் முத்துராஜ் லீவு முடிந்து, அந்த உடம்போடேயே வேலை கேட்கப் போயிருந்தான். கம்பெனி கேட்டில் உள்ளே விடவில்லை. திரும்பி வந்தால் பையும் பாயும் வாசலில் கிடந்தன. தட்டையும் டம்ளரையும் குப்பையில் போட்டிருந்தார்கள். அவன் கேட்ட கேள்வியைத் தங்கவேலையும் சேர்த்து எட்டுப் பேர் படித்தார்கள். கண் மஞ்சளாக இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒருத்தன் சொல்லவில்லை.

எனக்கு ரூபாலி மேல் கோபம் இல்லை. மூன்று பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டினவர் மேல்தான் கோபம். தங்கவேலுக்கு அங்கேயே நின்று போன் போட்டேன்.

"நான் என்னங்கம்மா தப்புப் பண்ணுனேன்? ஏழு பசங்க அவன் கூடத் தூங்குறாங்க. அவங்களப் பெத்தவங்களுக்கு நான்தானே பதில் சொல்லோணும்?" என்றார்.

"பதில் சொல்லணும்னா அந்த ஏழு பேரையும் கூட்டிட்டு வந்து டெஸ்ட் பண்ணியிருக்கணும். கூட்டிட்டு வந்தீங்களா?"

"லீவு போடச் சொன்னா கம்பெனில ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"அப்ப உங்களுக்கு அக்கறை இல்ல. ஆள வெளிய தள்ள ஒரு சாக்கு கெடச்சுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று வரை அந்த மனிதருடன் நான் பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

சின்ன டாக்டர் அறையில் நான் கத்தியது மாடி வரை கேட்டதாக மௌஷி பிறகு சொன்னாள். ஈரல் சோதனை முடிவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நேராக எழுந்து முத்துராஜின் கட்டிலுக்கு வந்தார். அவன் தலைக்கு மேலே நாங்கள் இரண்டு பேரும் மராத்தியில் பேசிக்கொண்டிருந்தோம். நான் இதை உடனே சரிசெய்கிறேன் சிஸ்டர், என் பெயரிலேயே அந்தக் கான்ட்ராக்டர் தங்கவேலுக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறேன், டி.பி.க்குச் சிகிச்சை எடுக்கிறவனால் ஆபத்து இல்லை, ஈரல் சரியானதும் வேலைக்கு வருவான் என்று எழுதுகிறேன், அதைக் குரூப்பிலும் போடச் சொல்கிறேன் என்றார். சொல்லிக்கொண்டே போனைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கும் அந்த நிமிஷம் அது நியாயமாகத்தான் பட்டது. நன்றாக உறைக்கிற மாதிரி எழுதுங்கள் என்றுகூடச் சொல்ல வாயெடுத்தேன்.

முத்துராஜுக்கு மராத்தி புரியாது. ஆனால் டி.பி. என்பதும் தங்கவேல் என்பதும் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். டிரிப் ஏறுகிற கையைத் தூக்கினான்.

"என்ன சொல்லுதாரு சிஸ்டர்?"

சொன்னேன்.

"வேண்டாம்னு சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ, என்னைப் பத்தி இனி யாருக்கும் ஒண்ணும் அனுப்ப வேண்டாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க. நான் இங்கதான படுத்திருக்கேன்" என்றான்.

சின்ன டாக்டர் போனைப் பைக்குள் போட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மூலமாக அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் தலையை ஆட்டினான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

ஈரல் தேற சில வாரம் ஆயிற்று. பிறகு மாத்திரையை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். ஊர் பக்கத்தில் இருந்த அரசு ஆஸ்பத்திரிக்கு சிகிச்சையை மாற்றிக்கொண்டு ரயில் ஏறினான். அங்கே விடாமல் சாப்பிட்டு முடித்தான். சளியில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அந்த போனுக்குப் பூட்டுப் போட்டார்கள், தமிழில் மெசேஜ் வந்தால் திருப்பிக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த விதி எவ்வளவு நாள் நின்றது என்பதைத்தான் போன மாதம் என் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். இந்த மலரைப் படிக்கிற நர்ஸ் பெண்களுக்குச் சொல்கிறேன். போனில் வருவது புண் மட்டும் இல்லை, ஒரு ஆளின் வேலை, வீடு, தங்கையின் கல்யாணம் எல்லாம் சேர்ந்து வருகிறது. அடுத்தவருக்கு அனுப்புமுன் அந்த ஆளிடம் கேளுங்கள். கேட்க நேரமில்லை என்றால் அனுப்பாதீர்கள். வர முடிகிறவர்களை வரச் சொல்லுங்கள், வர முடியாதவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

குணமான பிறகு முத்துராஜ் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனான். எழுத்துத் தேர்வில் தேறினான். உள்ளே கூப்பிடக் காத்திருந்தபோது, பழைய ரூம்காரன் ஒருவன் அதே கம்பெனிச் சட்டையில் டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அவன் போனில் அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறதா, அழித்துவிட்டானா, யாருக்குத் தெரியும்? முத்துராஜ் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவனையே திட்டினேன். எதுக்குடா பயப்படுத, உனக்குத்தான் சரியாயிட்டுதே என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதியதும் போனில் அவனுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். மற்றபடி போடுங்கள் என்றான். தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். அவனுக்கும் வேலை கிடைத்துவிட்டதாம், போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகிறதாம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"எங்கடா மக்கா? எந்த ஊரு, என்ன கம்பெனி?" என்று கேட்டேன்.

எழுதிக்கொள்ளப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

"அது மட்டும் கேக்காதீங்க சிஸ்டர்" என்றான்.